ஆளில்லா டிரான்ஸ்மிட்டர் நிலையம்: அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

போடியிலிருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்ததும் கேரளா. அதற்கப்புறம் ஏலத்தோட்டத்து ரோடு, ஜீப் மட்டும் போகும் தடம், கடைசியில் அரை மணி நேர நடை. நான் பார்த்துக்கொள்ளும் எஃப்எம் ரிலே நிலையம் (வேறு இடத்து நிகழ்ச்சியை வாங்கி மறுபடி பரப்புவது) அந்த மேட்டில்தான் இருக்கிறது. ஒரு அறை, ஒரு டவர், ஒரு ஜெனரேட்டர் கொட்டகை. ஆள் கிடையாது. பக்கத்து எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருக்கும் அண்ணன் ஒருவர் வாரம் ஒரு தடவை போய்ப் பூட்டையும் வேலியையும் பார்த்துவிட்டு வருவார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட நிலையங்கள் கூடிக்கொண்டே போகின்றன. 2023 ஏப்ரல் 28 அன்று நாடு முழுக்க 91 எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்கள், ஒவ்வொன்றும் 100 வாட், ஒரே நாளில் தொடங்கி வைக்கப்பட்டன. 100 வாட் பெட்டி ஒன்றுக்கு மூன்று ஷிஃப்ட் ஆள் போடுவது நடக்காத காரியம். ஆகவே கீழே உட்கார்ந்தபடி, திரையில் தெரியும் சில எண்களை வைத்து மேலே என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். மலை ஏறத்தான் வேண்டுமென்றால், எந்தப் பொருளை எடுத்துக்கொண்டு ஏறுவது என்றும் தெரிய வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

ரீசெட் பொத்தானில் கை வைக்காதீர்கள். முதலில் குறித்துக்கொள்ளுங்கள்: ஃபார்வர்ட் (ஆன்டெனாவுக்குப் போகும் சக்தி) எவ்வளவு, ரிஃப்ளெக்டட் (அங்கிருந்து திரும்பி வரும் சக்தி) எவ்வளவு, பவர் ஆம்ப்ளிஃபயரின் வோல்ட்டும் ஆம்பியரும் எவ்வளவு, ஹீட்சிங்க் சூடு எவ்வளவு, கரண்ட் லைனில் எத்தனை வோல்ட், ஓடுவது லைனிலா ஜெனரேட்டரிலா. நேரம் எழுதுங்கள். அங்கே மழையா வெயிலா என்று கேட்டு அதையும் எழுதுங்கள். திரையைப் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. ரீசெட் செய்தவுடன் பழைய அலாரத்தை அழித்துவிடும் கன்ட்ரோலர்கள் உண்டு. அழிந்த பிறகு உங்களிடம் எந்தத் தடயமும் இருக்காது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு சித்திரை மாதம் ரிஃப்ளெக்டட் அதிகமாகி டிரான்ஸ்மிட்டர் நின்றது. ரீசெட் கொடுத்தேன், எழுந்தது. இரண்டு மணி நேரத்தில் மறுபடி நின்றது, மறுபடி கொடுத்தேன். மூன்றாவது தடவை எழவே இல்லை. ஏறிப் போய்ப் பார்த்தால் டவர் அடியில் உள்ள கனெக்டரின் நடு ஊசி கருகி, அதைச் சுற்றியிருந்த வெள்ளை டெஃப்லான் கரியாகிக் கிடந்தது. முதல் தடவை நின்றபோது அது வெறும் லூசான கனெக்டர். துடைத்து முறுக்கியிருந்தால் போதும். நான் கொடுத்த ஒவ்வொரு ரீசெட்டும் அதில் தீப்பொறி பறக்க வைத்திருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு: காரணம் தெரியாமல் ஒரு ரீசெட்தான். அதுவும் எண்களை எழுதிய பிறகு, பாதி சக்தியில்.

நிலையம் பதிலே சொல்லவில்லை

திரை முழுக்கச் சாம்பல் நிறம், எந்த எண்ணும் வரவில்லை. இதைப் பார்த்ததும் நிலையம் படுத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ரிமோட் லிங்க் போனதா, டிரான்ஸ்மிட்டர் போனதா என்று பிரிப்பதுதான் முதல் வேலை. அதற்கு ஆள் வேண்டும், கருவி வேண்டாம். எனக்குப் பூப்பாறைப் பக்கம் ஒரு டீக்கடை, மேலே லயத்தில் ஒரு அக்கா, இந்தப் பக்கம் போடியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை என்று மூன்று காதுகள் உண்டு. மூன்று திசையிலும் ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

கேட்கும் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "ரேடியோ பாடுதா?" என்று கேட்டால் பாதி விவரம்தான் வரும். நான் கேட்பது இப்படி: "அண்ணே, ரேடியோ இரையுதா, இல்ல சத்தமே இல்லாம சும்மா இருக்கா?"

இரைச்சல் என்றால் கேரியர் (நிகழ்ச்சியைச் சுமந்து வரும் அலை) இல்லை, அதாவது டிரான்ஸ்மிட்டரே வெளியே எதுவும் அனுப்பவில்லை. இரைச்சல் அடங்கி மௌனமாக இருந்தால் கேரியர் இருக்கிறது, அதில் நிகழ்ச்சி ஏறவில்லை. நிகழ்ச்சி நன்றாகக் கேட்கிறது என்றால் போனது ரவுட்டரோ சிம்மோ மட்டுமே, நிதானமாகப் பார்க்கலாம். இந்த ஒரு கேள்வி எனக்குப் பல மலையேற்றங்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

ரவுட்டர் திணறி நிற்பது அடிக்கடி நடப்பது. அதற்காக அதன் கரண்டைத் தானே அணைத்துப் போடும் ஒரு வாட்ச்டாக் ரிலே வைத்திருப்போம். வெளியே ஒரு முகவரிக்குத் திரும்பத் திரும்பக் குரல் கொடுத்துப் பார்க்கும். பதில் வராவிட்டால் ரவுட்டரை அணைத்து ஏற்றும். இதில் இரண்டு தவறுகளை நிறையப் பார்க்கிறேன். முதலாவது, இடைவெளியை மிகக் குறைவாக வைப்பது. ரவுட்டர் எழுந்து, சிம் நெட்வொர்க்கைப் பிடிக்கவே சில நிமிடம் ஆகும். அதற்குள் வாட்ச்டாக் மறுபடி அணைத்தால், நாள் முழுக்க எழுந்து எழுந்து விழும். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். இரண்டாவது, இரண்டு சிம்மும் ஒரே செல்போன் டவரை நம்பியிருப்பது. கம்பெனி வேறாக இருந்தாலும் மலையில் இரண்டும் ஒரே டவரில் இருக்கக்கூடும். அந்த டவரின் பேட்டரி தீர்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். சிம் வாங்கும் முன் மேட்டில் நின்று சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று: லிங்க் அறுந்தால் டிரான்ஸ்மிட்டர் என்ன செய்ய வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்து வையுங்கள். தொடர்ந்து ஓட வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு, கன்ட்ரோலர் செத்தாலும் கடைசி நிலையிலேயே நிற்கும் லாட்ச்சிங் ரிலே வேண்டும். சாதாரண ரிலே போட்டிருந்தால் கன்ட்ரோலரின் 12 வோல்ட் சப்ளை போனதும் டிரான்ஸ்மிட்டரும் சேர்ந்து அணையும்.

கேரியர் இருக்கிறது, சத்தம் இல்லை

காரில் ரேடியோ வைத்திருப்பவர் யாராவது கிடைத்தால், திரையில் ஸ்டீரியோ அடையாளம் தெரிகிறதா என்று கேளுங்கள். ஸ்டீரியோ நிலையம் எப்போதும் 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு பைலட் ஒலியைச் சேர்த்து அனுப்பும். காதுக்குக் கேட்காது, ரேடியோவுக்குத் தெரியும். அடையாளம் எரிகிறது, சத்தம் இல்லை என்றால் ஸ்டீரியோ கோடர் (பைலட்டைச் சேர்க்கும் பெட்டி) நன்றாக இருக்கிறது. அதற்கு முன்னால் ஆடியோ வரவில்லை. அடையாளமும் இல்லை என்றால் கோடரையோ, கோடரிலிருந்து எக்ஸைட்டருக்கு (எஃப்எம் சிக்னலை முதலில் உண்டாக்கும் பகுதிக்கு) போகும் வயரையோ சந்தேகப்படுங்கள்.

ஆடியோ வரவில்லை என்றால் பெரும்பாலும் நிகழ்ச்சியை மேலே கொண்டுவரும் லிங்க்தான். சாட்டிலைட் லிங்க் என்றால் ரிசீவரின் சிக்னல் அளவை மாதக் கணக்கில் பதிவு செய்து வைத்திருப்பது பெரிய உதவி. அந்தக் கோட்டின் வடிவமே பிழையைச் சொல்லிவிடும்.

கனமழையில் விழுந்து, மழை விட்டதும் தானே எழுகிறது என்றால் கேயூ பேண்டின் (சாட்டிலைட்டின் உயர்ந்த அலைவரிசை) குணம் அது. அதைவிடத் தாழ்ந்த சி பேண்டில் இவ்வளவு இருக்காது. இதற்கு மலை ஏற வேண்டாம், டிஷ்ஷைப் பெரிதாக்கலாமா என்று பிறகு யோசிக்கலாம். வெயில் நாளில், தொடர்ந்து சில நாட்கள், அநேகமாக அதே நேரத்தில் சில நிமிடம் மட்டும் விழுகிறது என்றால் காலண்டரைப் பாருங்கள். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் சரியாகச் சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும், சூரியனின் இரைச்சல் சிக்னலை மூழ்கடித்துவிடும். நம் இடுக்கி, தேனி அட்சரேகைக்கு இந்தத் தேதிகள். வடக்கே போகப் போக மாறும். இதற்கும் செய்ய ஒன்றுமில்லை, அந்த நேரத்துக்கு மாற்று ஆடியோவைத் தயாராக வைப்பதைத் தவிர.

மழையில்லாமல் ஒரேயடியாகக் குறைந்து அப்படியே நிற்கிறது என்றால் டிஷ் திரும்பியிருக்கும், அல்லது எல்என்பியில் (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் பகுதியில்) தண்ணீர். எங்கள் பக்கம் குரங்குகள் டிஷ்ஷின் கையில் தொங்கி ஆடும், அதையும் கணக்கில் வையுங்கள். இன்னொரு விஷயம், 10 டிகிரி அட்சரேகையில் நாம் இருப்பதால் இந்திய சாட்டிலைட்டுகள் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கின்றன. டிஷ் மல்லாந்து கிடக்கும். நடுவில் உள்ள தண்ணீர் ஓட்டையைச் சருகு அடைத்துக்கொண்டால் டிஷ் தட்டு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். லயத்து அண்ணனிடம் வாராவாரம் ஒரு குச்சியால் அந்த ஓட்டையைக் குத்திவிடச் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் அந்தத் தொல்லை வரவில்லை.

சைலன்ஸ் டிடெக்டர் கட்டாயம் வேண்டும். 30 விநாடி மௌனம் என்றால் மெமரி கார்டில் உள்ள நிகழ்ச்சிக்கு மாறும்படி வைத்திருக்கிறேன். அந்தக் கார்டில் என்ன இருக்கிறது என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுப் பாருங்கள். பொங்கல் வாழ்த்து ஆடி மாதத்தில் ஒலிப்பது கேட்கிறவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

சக்தி குறைந்துவிட்டது, ஆனால் ஓடுகிறது

ஃபார்வர்ட் எவ்வளவுக்குக் குறைந்தது என்ற எண்ணே பதிலைச் சொல்லும். பல மாட்யூல்களின் சக்தியைச் சேர்த்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டரில், ஒரு மாட்யூல் போனால் அதன் பங்கு மட்டும் குறையும் என்று நினைப்போம். அப்படியில்லை. மீதி மாட்யூல்களின் சக்தியிலும் ஒரு பகுதி காம்பைனரின் (சக்திகளை ஒன்று சேர்க்கும் பகுதியின்) ரெசிஸ்டரில் சூடாகப் போய்விடும். கணக்கு எளிது: மிச்சம் இருக்கும் மாட்யூலை மொத்த மாட்யூலால் வகுத்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். நான்கில் ஒன்று போனால் முக்கால் பெருக்கல் முக்கால், அதாவது 56 சதவீதம். 1000 வாட் 562 ஆகும். நான்கில் இரண்டு போனால் 250. எட்டில் ஒன்று போனால் 766.

ஆகவே நான்கு மாட்யூல் பெட்டியில் 560 பக்கம் நின்றால் ஒரு மாட்யூல், அல்லது அதன் பவர் சப்ளை. அதை எடுத்துக்கொண்டு ஏறுங்கள். 800 என்று நின்றால் மாட்யூல் காரணமில்லை. சூட்டினாலோ ரிஃப்ளெக்டட்டினாலோ டிரான்ஸ்மிட்டர் தன்னைத்தானே குறைத்துக்கொள்கிறது. கரண்ட் வோல்ட் தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். லைனின் கடைசியில் இருக்கும் நிலையங்களில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு போட்டதும் வோல்ட் இறங்கும்.

பாதி சக்தியானால் டவுனில் இருப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. மலை மடிப்புக்குள் இருக்கும் லயங்களில்தான் முதலில் இரையும். "யாரும் புகார் சொல்லவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள். அந்த லயத்தில் இருப்பவர் நிலையத்துக்குப் போன் போட்டுப் புகார் சொல்கிறவர் இல்லை.

ரிஃப்ளெக்டட் ஏறுகிறது

ஆன்டெனா பக்கம் போன சக்தியில் திரும்பி வருவது இது. 1000 வாட்டில் 40 வாட் திரும்பினால், அதாவது 4 சதவீதம், எஸ்டபிள்யூஆர் (எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் விகிதம், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.5. 111 வாட் திரும்பினால் 2. நல்ல நிலையத்தில் 1.2-க்குள் இருக்கும், அதாவது 1000-க்கு 8 வாட் பக்கம். உங்கள் நிலையத்தின் நல்ல நாள் எண் என்ன என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதிலிருந்து விலகுவதுதான் பிழை. புத்தகத்தில் போட்டிருக்கும் எல்லை அதற்கு வெகு தூரம் தள்ளித்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கேபிள் இழப்பு இருந்தால் கீழே தெரியும் எண் உண்மையைக் குறைத்துக் காட்டும். கேபிளில் 1 டெசிபல் இழப்பு இருக்கிறது என்று வையுங்கள். மேலே ஆன்டெனா அறுந்து அத்தனை சக்தியும் திரும்பினால்கூட, போக ஒரு டெசிபல் வர ஒரு டெசிபல் கழிந்து, கீழே 63 சதவீதம்தான் வந்து சேரும். நீளமான கேபிள் உள்ள நிலையத்தில் சின்ன ஏற்றத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி, ரிஃப்ளெக்டட் நாள் முழுக்க அசையாமல் பூஜ்ஜியம் என்று காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். உண்மையான ரிஃப்ளெக்டட் காற்றுக்கும் வெயிலுக்கும் கொஞ்சமாவது ஆடும். ஆடாத பூஜ்ஜியம் என்றால் அளக்கும் சென்சர் போய்விட்டது, டிரான்ஸ்மிட்டருக்குக் காவலே இல்லை.

இப்போது எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு இருந்தாலே போதும்.

மழை தொடங்கிச் சில மணி நேரம் கழித்து மெல்ல ஏறி, மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகுதான் இறங்குகிறது: கனெக்டருக்குள் தண்ணீர். இங்கே இதுதான் அதிகம், ஏனென்றால் எங்களுக்கு இரண்டு மழைக்காலம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஜூனில் தொடங்கி அடித்து ஓயும், அது ஓய்வதற்குள் துலா மழை (ஐப்பசி மழை) வந்துவிடும். கேபிள் காயவே நேரம் இருக்காது. ஃபோம் கேபிளில் தண்ணீர் கனெக்டர் வழியாகத்தான் நுழையும். டேப் சுற்றும்போது கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்கிற மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் விழும், தண்ணீர் வழிந்து போகும். முதலில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதற்கு மேல் வெயில் தாங்கும் கறுப்பு டேப். அறைக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஓட்டையை விடத் தாழ்வாக இறக்கி வளைத்துவிடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பகல் வெயிலில் ஏறி இரவில் இறங்குகிறது, மழைக்குச் சம்பந்தமில்லை: ஏதோ ஒரு இணைப்பு லூஸ். உலோகம் சூட்டில் விரியும்போது பிடி நழுவுகிறது. காற்று அடிக்கும்போது மட்டும் துடிக்கிறது: ஆன்டெனாவின் கிளாம்போ ஜம்பர் கேபிளோ ஆடுகிறது. ராமக்கல்மேட்டில் காற்றாலைகள் சும்மா நட்டு வைக்கவில்லை. இந்த வரிசை மலைகளில் அடிக்கிற காற்று எந்த நட்டையும் கழற்றிவிடும். இடி இடித்த நிமிடத்தில் படியேறி அப்படியே நிற்கிறது: எங்கோ கருகிவிட்டது. பல அடுக்கு ஆன்டெனாவில் ஒரு அடுக்கு மட்டும் போனாலும் இப்படித்தான் தெரியும்.

ஏறிய பிறகு முதல் வேலை, டிரான்ஸ்மிட்டரை அணைத்து ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிச் சூடாக்கிவிடும் ரெசிஸ்டரில்) மாட்டி ஓட்டுவது. டம்மி லோடில் ரிஃப்ளெக்டட் ஒழுங்காக இருந்தால் பிழை வெளியே, கேபிளிலோ ஆன்டெனாவிலோ. அங்கும் அதிகமாக இருந்தால் உள்ளே, ஃபில்டரிலோ சென்சரிலோ. இதைச் செய்யாமல் டவரில் ஆளை ஏற்றக் கூடாது.

அழுத்தக் காற்று அடைத்த பெரிய கேபிள் என்றால் கம்ப்ரசர் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடுகிறது என்று பாருங்கள். அடிக்கடி ஓடினால் கசிவு. சோப்பு நுரை தடவினால் இடம் தெரிந்துவிடும்.

கரண்ட் போய் வந்தது, டிரான்ஸ்மிட்டர் எழவில்லை

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள், அநேகம் பேர் நம் தமிழ்க் குடும்பங்கள். கரண்டும் இல்லை, செல்போனும் இல்லை. செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆனது. ஒரு ரேடியோ நிலையம் அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட இரவுகளில், பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோவுக்காவது ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஜெனரேட்டர் பகுதியை நான் விரிவாக எழுதுவது அதனால்தான்.

ஜெனரேட்டர் எழாததற்கு முதல் காரணம் ஸ்டார்ட்டிங் பேட்டரி. நின்றிருக்கும்போது 12.7 வோல்ட் காட்டும், பார்க்க நன்றாக இருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த ஒரு விநாடியில் எவ்வளவுக்கு விழுகிறது என்பதுதான் பரீட்சை. 9.6-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள், அடுத்த மழைக்கு அது தாங்காது. அந்த விநாடியையும் பதிவு செய்யும்படி ரிமோட்டில் வைக்கலாம்.

இரண்டாவது, மூன்று முயற்சி. கன்ட்ரோலர் மூன்று தடவை சுற்றிப் பார்த்துவிட்டுப் பூட்டிக்கொள்ளும். ரிமோட்டில் அந்தப் பூட்டைத் திறக்கும் வசதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மூன்றாவது, டீசல். பாதி காலியான டாங்கில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து தண்ணீர் அடியில் சேரும். மழைக்கு முன் டாங்கை நிரப்பி, அடியில் இருப்பதை வடித்துவிடுங்கள்.

வாரம் ஒரு தடவை தானே ஓடிப் பார்க்கும் டெஸ்ட் நல்லது. அதை லோடோடு ஓட்டுங்கள். லோடு இல்லாமல் சும்மா ஓடினால் எரியாத டீசல் சைலன்சரில் கரியும் பிசினுமாக ஒட்டும். எஞ்சின் எழுகிறது, ஆனால் லோடை எடுக்கவில்லை என்ற பிழையும் அப்போதுதான் வெளியே தெரியும்.

லைன் திரும்பிய பிறகும் ஜெனரேட்டரிலேயே ஓடுகிறது என்றால், மூன்று பேஸில் ஒன்று வரவில்லையா பாருங்கள். ஏலத்தோட்டத்து நிழல் மரம் முறிந்து ஒரு கம்பி மட்டும் அறுவது இங்கே சகஜம். லயத்தில் விளக்கு எரியும், நம் நிலையத்துக்கு ஒரு பேஸ் இருக்காது. ஒரு பேஸ் குறைந்தாலும் லைனை ஏற்காத சிங்கிள் பேஸ் பிரிவென்டர் மறுப்பது நியாயம்தான். அதைச் சுற்றிவிட்டு நேரடியாக இணைக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

எல்லாம் சரி, டிரான்ஸ்மிட்டர் மட்டும் எழவில்லை என்றால் அதுவும் தன் முயற்சிகளை முடித்துப் பூட்டிக்கொண்டிருக்கும். கரண்ட் நாலைந்து தடவை வந்து வந்து போகும் நாளில் இது நடக்கும். லைன் வந்ததும் உடனே பிடிக்காமல் மூன்று நிமிடமாவது காத்திருக்கும்படி டைமரை வையுங்கள்.

சூடு ஏறுகிறது

பெரும்பாலும் ஏர் ஃபில்டர். கோடையில் தூசி என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கம் முதல் மழைக்கு மறுநாள் ஈசல் கிளம்பும். கொட்டகை விளக்கைத் தேடி வந்து, ஃபேன் இழுக்கிற காற்றோடு ஃபில்டரில் போய் அப்பிக்கொள்ளும். ஒரே இரவில் ஃபில்டர் அடைந்து சூடு ஏறிப் பார்த்திருக்கிறேன். வெளி விளக்கை ஃபில்டருக்கு எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றினேன், தீர்ந்தது.

மெல்ல ஏறினால் ஃபில்டர், திடீரென ஏறினால் ஃபேன். மலை குளிர்ச்சிதானே என்று யுபிஎஸ் பேட்டரியை டிரான்ஸ்மிட்டரின் வெப்பக் காற்று வரும் பக்கம் வைக்காதீர்கள். 10 டிகிரி கூடினால் அந்த பேட்டரியின் ஆயுள் பாதியாகும்.

இடிக்கு அப்புறம்

கேரளத்தில் இடி சித்திரை, வைகாசியிலும் துலா மாதத்திலும், மத்தியானத்துக்கு மேல் கூடும். அந்த மாதங்களில் மலை வேலையைக் காலையில் முடித்து இறங்கிவிடுங்கள்.

இடிக்குப் பிறகு டிரான்ஸ்மிட்டர் நன்றாக ஓடும், ரவுட்டரும் ரிசீவரும் மட்டும் செத்திருக்கும். இது அடிக்கடி நடந்தால் எர்த் தனித்தனியாக இருக்கிறது என்று அர்த்தம். டவருக்கு ஒரு குழி, கரண்டுக்கு ஒரு குழி, டிஷ்ஷுக்கு ஒரு குழி. இடி டவரில் இறங்கும் நொடியில் இந்தக் குழிகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும், அது நடுவில் இருக்கும் சின்ன வயர் வழியாகத்தான் ஓடும். எல்லாவற்றையும் தடித்த செம்புப் பட்டையால் ஒன்றாகக் கட்டுங்கள். டவருக்கும் அறைக்கும் நடுவே டேட்டா போக வேண்டுமென்றால் ஃபைபர் போடுங்கள். பாறை மேட்டில் ஆழமாகத் தோண்டி எர்த் எடுப்பது கஷ்டம். மேல்மண் இருக்கும் பக்கமாக நீளமாகப் பட்டையைப் புதைப்பது எனக்குப் பலன் தந்திருக்கிறது.

சர்ஜ் அரெஸ்டரின் (இடியால் வரும் அதிக வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் கருவியின்) சின்ன ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் அது தன் உயிரைக் கொடுத்துவிட்டது. கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் அடுத்த இடிக்குப் பாதுகாப்பு இல்லை. அதன் அலாரத் தொடுப்பை ரிமோட்டில் இணைத்துவிடுங்கள், பலர் இணைக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

மேலே போனபோதும், இறங்கும்போதும்

தனியாகப் போகாதீர்கள். யானை நடமாட்டத்தை லயத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். அறைக்குள் நுழைந்ததும் டிரான்ஸ்மிட்டரை ரிமோட்டிலிருந்து லோக்கலுக்கு மாற்றி, மெயின் சுவிட்சில் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வையுங்கள். இது ஆளில்லா நிலையத்துக்கே உரிய ஆபத்து: டவரில் ஆள் இருப்பது தெரியாமல், கீழே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவர் நல்லெண்ணத்தோடு ஆன் பண்ணிவிடுவார். தானியங்கி டைமரும் பண்ணிவிடும்.

இறங்கும்போது அதே சுவிட்ச் தலைகீழாகக் கடிக்கும். ஒரு தடவை வேலையெல்லாம் முடித்து, லோக்கலிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அன்று ராத்திரி கரண்ட் போய் வந்தது. எண்கள் எல்லாம் தெரிகின்றன, கட்டளை மட்டும் ஏறவில்லை. விடியும்வரை நிலையம் மௌனமாக இருந்தது. இப்போது கதவின் உட்புறம், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் "ரிமோட்?" என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்க்காமல் தாழ்ப்பாளைத் தொட முடியாது.

பூட்டிய பிறகு நடையை முடித்து ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்ததும், போனிலிருந்து ஒரு தடவை அணைத்து ஏற்றிப் பார்ப்பேன். அப்புறம் வண்டியில் ரேடியோவை வைத்துக்கொண்டு, பூப்பாறை டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்காருவேன். கழற்றி மாட்டிய கனெக்டர் சூடேறிப் பிசகுவதாக இருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் பிசகிவிடும். அதற்கப்புறம்தான் வளைவு இறங்குவேன்.